ஏரிச் சாலைக்கு ஓர் ஆர்ட் டெக்கோ சைக்கிள்: கொடைக்கானலில் செய்து பார்த்த விவரம்

கொடைக்கானலில் சைக்கிள் என்றால் ஏரிதான் நினைவுக்கு வரும். 1863இல் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றி ஓடும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மூச்சு வாங்காமல் மிதிக்க ஊரில் இருக்கும் நீளமான பாதை அதுதான். வாடகை சைக்கிள் கடைகளும் அதை ஒட்டியே இருக்கின்றன. ஏரியை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. போகும்போது மேடாக இல்லாதது திரும்பும்போது மேடாகிவிடும்.

நாயுடுபுரம் பக்கம் சின்னதாக ஒரு விடுதி நடத்தும் அக்கா ஒருவர், கைபேசியில் ஒரு பழைய அமெரிக்க சைக்கிளின் படத்தைக் காட்டி, இதே மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். தடித்த டயர், நடுவில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல் ஒரு டேங்க், நீளமாக வழிந்து இறங்கும் மட்கார்டு. விடுதிக்கு வருகிறவர்கள் ஏரி வரை எடுத்துப் போய் வர வேண்டும். கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்க வரும் ஜோடிகளுக்கும் கொடுக்கலாம். அந்தக் கூட்டம் கொடைக்கானலில் எந்த மாதமும் குறைவதில்லை.

அவர் போட்ட நிபந்தனைகள் மூன்று. சேலை கட்டியவரும் ஏறி இறங்க முடிய வேண்டும். மழையில் பிரேக் பிடிக்க வேண்டும். ஏரிக்குப் போனவர்கள் திரும்பி விடுதிக்கு ஏறி வர வேண்டும், ஆட்டோ பிடிக்கக் கூடாது. “பாக்க மட்டும் அழகா இருந்தா போதும்னா ஒரு பழைய சைக்கிளுக்கு பெயின்ட் அடிச்சு வாசல்ல நிறுத்திருப்பேனே தம்பி” என்றார். நியாயமான பேச்சு. வேலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் நடந்தது.

படத்தில் இருந்த சைக்கிள்

அக்கா காட்டிய படம் ஷ்வின் நிறுவனம் 1934இல் வெளியிட்ட ஏரோசைக்கிள். அந்தக் காலத்து அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. சைக்கிளைப் பெரியவர்கள் கைவிட்டுக் காருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள் சிறுவர்கள்தான். அவர்களுக்கு விமானத்தின் மீதும் மோட்டார் சைக்கிளின் மீதும் இருந்த மோகத்தை வைத்து இந்த உருவம் பிறந்தது. டேங்கில் பெட்ரோல் கிடையாது, முன்விளக்கும் பேட்டரியும்தான். 1933இல் அதே நிறுவனம் கொண்டுவந்த 2.125 அங்குல பலூன் டயர்தான் இந்த வகை சைக்கிள்களுக்கு அந்தப் பருத்த தோற்றத்தைக் கொடுத்தது.

ஆர்ட் டெக்கோ என்ற பாணிக்குப் பெயர் வந்தது 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து. பெயர் பரவலானது 1960களில்தான். முதலில் படிப்படியாக ஏறும் கோபுர வடிவங்கள், சூரியக் கதிர், கோண வரிகள். 1930களில் அதுவே வழுவழுப்பான, காற்றைக் கிழித்துப் போகும் வடிவமாக மாறியது. கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரும், துருப்பிடிக்காத எஃகில் செய்த பர்லிங்டன் ஸெஃபிர் ரயிலும் அதே 1934ஆம் ஆண்டுதான் வந்தன. ஏரோசைக்கிள் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

நம் ஊருக்கு டெக்கோ வந்தது கட்டடங்களாக. மும்பை மெரின் டிரைவ், சென்னைப் பாரிமுனையில் 1940இல் எழுந்த டேர் ஹவுஸ், செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள் என்று அது வேறு வழியில் இறங்கியது. சைக்கிளுக்கு அது வரவே இல்லை. நமக்கு வந்தது பிரிட்டிஷ் வார்ப்பு: ஹெர்குலஸ், ராலே, பி.எஸ்.ஏ. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த சைக்கிளும் அதே உருவம்தான். பல தலைமுறைகள் அதை மாற்றவில்லை. நல்ல சைக்கிள், ஆனால் அதில் டெக்கோ இல்லை. ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று ‘விண்டேஜ்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் பழுப்பு சீட், முன்னால் பிரம்புக் கூடை, பாலாடை நிற டயர். சாதாரண சைக்கிளுக்கு மாட்டிய நகைகள் அவை. டெக்கோவில் முதலில் பார்க்க வேண்டியது கோடு. முன்சக்கரத்தில் தொடங்கும் கோடு பின்சக்கரம் வரை எங்கும் முறியாமல் போக வேண்டும். அது ஃப்ரேமிலேயே அமையவில்லை என்றால் மேலே எதை ஒட்டினாலும் ஒட்டிய மாதிரிதான் இருக்கும்.

அந்த அமெரிக்க சைக்கிள்களுக்கு மலையோடு ஒரு பழைய கணக்கு உண்டு என்பது சுவையான விஷயம். 1970களில் கலிபோர்னியாவில் மரின் பகுதி இளைஞர்கள், 1930, 40களில் வந்த ஷ்வின் பலூன் டயர் சைக்கிள்களைப் பழைய சாமான்களிலிருந்து எடுத்து மலைப்பாதையில் இறக்கினார்கள். இன்றைய மவுன்டன் பைக் அதிலிருந்துதான் வளர்ந்தது. அவற்றில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருந்தது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த இறக்கத்துக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைப்பது, என்ற பெயரே அப்படி வந்ததுதான். படத்தில் இருப்பதை அப்படியே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிரேக்கிலிருந்து தொடங்கினோம்

தோற்றத்தை வரைவதற்கு முன்பே பிரேக்கை முடிவு செய்தோம். நம் பழைய சைக்கிளில் இருக்கும் கம்பி பிரேக், ரிம்மின் உட்பக்கத்தில் ரப்பர் கட்டையை மேல்நோக்கி இழுத்து அழுத்தும். காய்ந்த ரிம்மில் பரவாயில்லை. குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பருக்கு அதில் பிடிமானமே கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலில் ரிம் காய்ந்திருக்கும் நேரத்தை எண்ணிவிடலாம். மழை இல்லாத நாளிலும் மேகம் சாலைக்கு இறங்கினால் போதும், ரிம்மில் நீர் பூத்துவிடும்.

ஆகவே டிரம் பிரேக். டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ ஹப்புக்குள் இருப்பதால் மழை அதைத் தொடாது. 1902இல் நாட்டிங்ஹாமில் தொடங்கி, 2000இல் தைவான் சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்குப் போன ஸ்டர்மி-ஆர்ச்சர் இன்றும் இவற்றைச் செய்கிறது. 1930களிலேயே அந்த நிறுவனம் டிரம் பிரேக் ஹப் விற்றது என்பதால் காலத்துக்கும் பொருந்துகிறது. முன்சக்கரத்துக்கு 70 மி.மீ. டிரம்மும் 6 வோல்ட் டைனமோவும் ஒரே ஹப்பில் உள்ள எக்ஸ்-எஃப்.டி.டி.; பின்சக்கரத்துக்கு டிரம்மும் மூன்று கியரும் சேர்ந்த எக்ஸ்-ஆர்.டி.3. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரரின் பெட்டியில் வந்து இறங்கின. மொத்தச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இவைதான். விலையைக் கேட்டு அக்கா முதலில் தயங்கினார். சூட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் சரி என்றார்.

அந்தக் கணக்கு எளிது. ஆள் 75 கிலோ, சைக்கிள் 25 கிலோ. விடுதியிலிருந்து ஏரி சுமார் 50 மீட்டர் தாழ்வு. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சுமார் 49,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். இரண்டு டிரம்களும் பகிர்ந்துகொண்டால், நடுவில் காற்றும் பட்டால், தாங்கும். அதே சைக்கிளில் யாராவது உற்சாகமாக வத்தலக்குண்டு வரை மலைச்சாலையில் இறங்க நினைத்தால் 1,700 மீட்டருக்கு மேல் இறக்கம். கணக்கு 16 லட்சம் ஜூலைத் தாண்டும். இந்த டிரம்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. விடுதியில் சாவி கொடுக்கும்போதே ஏரிச் சாலைக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கேயே தீர்மானமாயிற்று.

டிரம் பிரேக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது ஹப்பின் மூடியும் சக்கரத்தோடு சுழலப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு கை, முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கின் இடக்காலில் கட்டப்பட்டிருக்கும். நிறுத்தும் விசை முழுவதும் அந்த ஒரு காலின் அடிப்பகுதியை முறுக்கும். பழைய சைக்கிளின் ஃபோர்க் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. தவிர 54 மி.மீ. பலூன் டயர் அதற்குள் நுழையவும் நுழையாது. சுவர் தடித்த குழாயில் புது ஃபோர்க் செய்வதைத் தவிர வழியில்லை. இந்த வகை சைக்கிளை யாராவது செய்யப் புறப்பட்டால் செலவைக் குறைக்கக் கூடாத இடம் எது என்று கேட்டால், நான் ஃபோர்க்கைத்தான் சொல்வேன்.

டிரம் பிரேக் வந்ததும் ஒரு கதவு திறந்தது. ரிம்மில் இனி எதுவும் உரசப் போவதில்லை. அப்படியானால் ரிம் ஏன் வெள்ளியாக மின்ன வேண்டும்? அதற்கும் வண்ணம் அடிக்கலாம், கோடு போடலாம். இந்த சைக்கிளைப் பார்ப்பவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த ரிம்மைத்தான்.

கியர்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்று வரும் சாதாரண சைக்கிள் ஒரு மிதி சுற்றுக்கு சுமார் 5.4 மீட்டர் போகும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டில், மொத்தம் 100 கிலோவை ஏற்ற, பெடலில் சராசரியாக 52 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். எழுந்து நின்று மிதித்தாலும் பலரால் முடியாது. நாங்கள் முன்னால் 40, பின்னால் 22 பல் வைத்தோம். ஸ்டர்மி-ஆர்ச்சரின் மூன்று கியர்களில் கீழ் கியர் முக்கால் மடங்கு, மேல் கியர் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். 26 அங்குலச் சக்கரத்தோடு கீழ் கியரில் ஒரு சுற்றுக்கு 2.8 மீட்டர், அழுத்தம் 27 கிலோவாகக் குறைகிறது. இன்னும் குறைத்திருக்கலாம். அதற்குக் கீழே போகப் போக ஹப்புக்குள் இருக்கும் பற்களின் மீது சுமை கூடும். வாடகைக்கு விடும் வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டோம்.

ஃப்ரேம்

பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு லேடீஸ் சைக்கிள்தான் மூலதனம். தலைக்குழாய், சீட் குழாய், கீழ்க்குழாய், பெடல் அச்சு உட்காரும் பெட்டி ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிட்டோம். அந்தக் கோணங்கள் படுத்தவாறு, நிதானமானவை. புதிதாக ஓட்டுகிறவர் கையிலும் சைக்கிள் தடுமாறாது. அதைக் கெடுக்கக் காரணமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சேலைக்காகக் காலைத் தூக்காமல் ஏற வேண்டும் என்றால் மேல்பார் இருக்க முடியாது. மேல்பார் இல்லாவிட்டால் ஃப்ரேமில் முக்கோணம் இல்லை. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது நெளியும். டெக்கோ கோட்டுக்கும் மேலே ஏதோ ஒன்று முன்னிருந்து பின்னுக்கு ஓடியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடையாகக் கிடைத்தது பிரெஞ்சுக்காரர்களின் ‘மிக்ஸ்ட்’ அமைப்பு. தலைக்குழாயிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் புறப்பட்டு, சீட் குழாயின் இருபுறமும் தொட்டுக்கொண்டு, நேராகப் பின் அச்சு வரை போகும். சீட் குழாயோடு அவை சேரும் இடத்திலும் அச்சிலும் பற்றவைத்துவிட்டால் முறுக்கு வெகுவாகக் குறைகிறது. வழக்கமாக அந்தக் குழாய்கள் நேராக இருக்கும். நாங்கள் அவற்றுக்கு ஒரு மெல்லிய வளைவு கொடுத்தோம். முன்சக்கரத்துக்கு மேல் தொடங்கிப் பின் அச்சில் முடியும் ஒற்றைக் கோடு ஃப்ரேமுக்கு அப்படித்தான் கிடைத்தது.

16 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. சுவர் கொண்ட குழாய். மீட்டருக்கு சுமார் 440 கிராம். இவ்வளவு மெல்லிய வளைவுக்குச் சூடு தேவையில்லை. பிளைவுட்டில் ஒரு அச்சு வெட்டி, இரண்டு குழாய்களையும் ஒன்றாகக் கட்டி, சேர்த்தே வளைத்தார்கள். தனித்தனியாக வளைத்தால் இரண்டும் ஒன்றுபோல் வராது. கையை எடுத்ததும் குழாய் கொஞ்சம் நிமிரும் என்பதால் அச்சின் வளைவை வேண்டியதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். ஹேண்டில்பார் மட்டும் கடுமையான வளைவு. அதற்குக் குழாய்க்குள் மணலை இறுக அடைத்து, இரு முனைகளையும் மூடி, சூடாக்கி வளைத்தோம். மணலை முன்கூட்டியே வறுத்து ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். மலை மேல் எதுவும் முழுதாகக் காய்ந்திருப்பதில்லை. ஈர மணலை அடைத்துச் சூடாக்கினால் நீராவி குழாயைக் கிழித்துக்கொண்டு வரும், முகத்துக்கே ஆபத்து.

பற்றவைப்பது பித்தளையில். ஆர்க் வெல்டிங்கில் 1.2 மி.மீ. குழாய் பொத்தலாகிவிடும். பித்தளைக் கம்பி சுமார் 900 டிகிரியில் உருகி இணைப்பின் இடுக்கில் ஓடும், குழாய் உருகாது. பழைய சைக்கிள்களில் குழாய்களை மூட்டும் உறையான லக் இணைப்புகளைத் தொழிற்சாலையில் இப்படித்தான் பற்றவைத்தார்கள். இப்போது கேஸ் வைத்துப் பித்தளை ஓட்டத் தெரிந்த கை அரிதாகிவிட்டது. வத்தலக்குண்டில் ஒரு பெரியவர் கிடைத்தார். கேட் செய்கிற பட்டறைதான், ஆனால் இளவயதில் சைக்கிள் வேலை பார்த்தவர். சுடரைக் குழாய் மீது நிறுத்தாமல் அவர் சுற்றிச் சுற்றிக் காட்டிய விதத்தைப் பார்த்தபின் ஒரு வார்த்தையும் சொல்லத் தோன்றவில்லை.

பலூன் டயருக்கு இடம் வேண்டி, பெடல் அச்சுப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் செயின் ஸ்டே குழாய்களைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. 28 அங்குலத்திலிருந்து 26க்கு இறங்கியதால் பெடல் அச்சு சுமார் 2 செ.மீ. தாழ்ந்தது. வளைவில் பெடல் தரையைத் தட்டுமோ என்ற பயம் இருந்தது. பெடலைத் தாங்கும் கிராங்க் 165 மி.மீ. நீளம்தான் என்பதால் தட்டவில்லை. மாறாக, உட்கார்ந்தபடியே கால் ஊன்ற முடிகிறது. அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. கடைசியாக நூல் பரிசோதனை: ஒரு பின்முனையில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறு முனைக்குக் கொண்டுவந்து, இருபுறமும் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளப்பது. சமமாக வரும் வரை வளைத்துச் சரிசெய்தார்கள். இதற்கு மேலான கருவி எங்களிடம் இல்லை, தேவையும் படவில்லை.

தகரம்

டேங்கும் மட்கார்டும் கார் டிங்கர் பட்டறை வேலை. 22 கேஜ் தகட்டை மணல் மூட்டை மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தார் டிங்கர் அண்ணன். முதலில் முழு அளவில் அட்டையில் வெட்டி ஃப்ரேமில் மாட்டிப் பார்த்தோம். ஓட்டிப் பார்த்தால் முழங்கால் இடித்தது. அகலத்தை 60 மி.மீ. அளவுக்குக் குறைத்ததும் சரியானது. அட்டைக்குப் பத்து ரூபாய். தகட்டில் இதைக் கண்டுபிடித்திருந்தால் கணக்கு வேறு.

துளி வடிவம் பற்றி ஒன்று. காற்று வழுக்கிப் போக வேண்டுமென்றால் பருத்த பக்கம் முன்னாலும் கூர்ந்த பக்கம் பின்னாலும் இருக்க வேண்டும். பார்வைக்கு வேகம் கூர்மையில் இருப்பதாகத் தோன்றும் என்பதால் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அண்ணனும் முதலில் அப்படித்தான் வரைந்தார். ‘அண்ணே, நம்ம செயின் கவரைப் பாருங்க’ என்றேன். நம் ஊர் சைக்கிளில் இருக்கும் ஒரே டெக்கோ வடிவம் என்று மேலே சொன்னது இதைத்தான். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்ன பல்சக்கரம். இரண்டையும் மூடும் முழு செயின் கவர் தானாகவே துளி வடிவம் எடுத்துவிடுகிறது, அதுவும் சரியான திசையில். மூன்று தலைமுறைகளாகக் கண்ணெதிரே ஓடியது. டேங்கின் வடிவத்தை அதிலிருந்தே எடுத்தோம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சாய்வில் நிற்கின்றன. செயின் கவருக்குள் மறைந்துவிடும் பல்சக்கரத்தில் எந்த வேலைப்பாடும் செய்யவில்லை. பழைய சிறுவர் சைக்கிளிலிருந்து எடுத்த 40 பல் சக்கரம் அது.

ஏரோசைக்கிளின் முன்விளக்கு டேங்கின் மூக்கில் இருந்தது. படத்தில் அற்புதமாக இருக்கும். ஆனால் டேங்க் ஃப்ரேமோடு சேர்ந்தது. ஹேண்டிலைத் திருப்பினால் விளக்கு திரும்பாது. ஏரிச் சாலை முழுக்க வளைவு, மாலையில் மேகம். விளக்கு சாலையை விட்டுத் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் விளக்கை முன் மட்கார்டின் மேல் வைத்தோம், உள்ளே எல்.இ.டி., மின்சாரம் ஹப் டைனமோவிலிருந்து. பேட்டரிக்கு வேலையில்லாததால் டேங்க் காலியானது. அதில் இப்போது ஒரு மழைக்கோட்டும் பஞ்சர் சாமானும் இருக்கின்றன. அடியில் நீர் வடிய ஒரு துளை. தகடு அதிராமல் இருக்கக் குழாயைத் தொடும் இடங்களில் கம்பளிப் பட்டை.

சீட்டுக்குத் தோல் வேண்டாம் என்று முடிவெடுத்தது அக்காதான். கொடைக்கானலில் தோல் செருப்பை அலமாரியில் வைத்து எடுத்தாலே பூஞ்சணம் பூத்திருக்கும். ஸ்பிரிங் சீட்டுக்கு ரெக்சினில், விசிறி மடிப்பு வருமாறு, கார் சீட் கவர் கடையில் தைத்து வாங்கினோம்.

நிறமும் கோடும்

முலாம் விஷயத்தில் மட்டும் பணம் வீணானது. ஹேண்டில்பாருக்கும் சில சாமான்களுக்கும் குரோமியம் போட மலைக்குக் கீழே ஒரு பட்டறையில் கொடுத்தோம். கண்ணாடி போல வந்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஊசிமுனை ஊசிமுனையாகத் துரு கிளம்பிவிட்டது. குரோமியம் வெறும் மேல்பூச்சு; அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் இருக்கும். இரும்பை உண்மையில் காப்பது அடியில் இருக்கும் நிக்கல். அது போதிய தடிமனில் இல்லையென்றால் மின்னுவது கொஞ்ச நாள்தான். இரண்டாவது முறை வேறு இடத்தில், நிக்கல் கனமாகப் போடச் சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்தோம். மின்னும் இடங்களையும் பாதியாகக் குறைத்தோம். குறைத்தபின் சைக்கிள் இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் கருத்து, அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

பெயின்ட்டை மலை மேல் அடிக்கவில்லை. ஈரக் காற்றில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதில் நீர் படியும். லாக்கர் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். திண்டுக்கல்லில் கார்களுக்கு அடிக்கும் அறையில், இரண்டு கலவை சேர்க்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட். அடர் பச்சையும் பாலாடை நிறமும்.

அலங்காரச் சின்னத்தில்தான் வாக்குவாதம் நீண்டது. டெக்கோவின் கையெழுத்தே சூரியக் கதிர்தான். நியூயார்க்கில் 1930இல் முடிந்த கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சி முழுக்க அதுதான். தலைக்குழாயில் ஒரு அரைச் சூரியன் வைக்கலாம் என்று வரைந்து காட்டினேன். அக்கா உடனே மறுத்துவிட்டார். தமிழ்நாட்டில் உதயசூரியனை எங்கே வைத்தாலும் அது கட்சிச் சின்னம். அதுவும் சைக்கிளில் வைத்தால் 1996 தேர்தல் கூட்டணிச் சுவரொட்டி மாதிரி ஆகிவிடும், தி.மு.க.வுக்கு உதயசூரியன், தமிழ் மாநில காங்கிரசுக்கு சைக்கிள். மூன்று படிகளாக ஏறும் கோபுர வடிவத் தகடு ஒன்றை வைத்து முடித்தோம். ஆனால் கதிர் வேறு வழியாக வந்து சேர்ந்தது. சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பின் மட்கார்டிலிருந்து அச்சு வரை நூல் கட்ட வேண்டும். விசிறி போல விரியும் அந்த நூல்வலை பார்ப்பதற்குக் கதிராகவே இருக்கிறது. அதை யாரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை.

டேங்கில் இருக்கும் மூன்று வேகக் கோடுகளையும் ரிம்மின் கோட்டையும் ஒரு பழைய போர்டு எழுதும் ஓவியர் போட்டார். பிளெக்ஸ் வந்தபின் அவருக்கு வேலை குறைவு. நீண்ட அணில் முடி பிரஷ் மட்டும் கைவசம் இருந்தது. சக்கரத்தை ஸ்டாண்டில் வைத்து மெதுவாகச் சுற்றவிட்டு, பிரஷை அசையாமல் பிடித்தார். ஒரே சுற்று, கோடு வந்துவிட்டது. டேங்கின் மூன்று கோடுகளைப் பார்த்து, “விபூதிப் பட்டை மாதிரி இருக்கே தம்பி, பரவாயில்லையா?” என்று மட்டும் கேட்டார். பின் மட்கார்டின் மூன்று கோடுகள் பெயின்ட் அல்ல, ஒளியைத் திருப்பும் பட்டை. மேகத்துக்குள் பின்னால் வரும் காரின் விளக்கு பட்டதும் முதலில் தெரிவது அவைதான்.

ஓடத் தொடங்கிய பிறகு

எடை 24 கிலோவுக்குச் சற்று மேல் வந்தது. கனம்தான், ஆனால் நம் சாதாரண பழைய சைக்கிளும் 20 கிலோவுக்குக் குறையாது. செலவு ஹப்புகள் உட்பட 60,000 ரூபாயை ஒட்டி. இதில் என் வரைபட வேலைக்குக் கூலி சேரவில்லை.

டிரம் பிரேக் முதலில் மந்தமாக இருந்தது. புது ஷூ டிரம்மோடு பழகும் வரை அப்படித்தான். பழகியபின் சக்கரத்தின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தோம்; பிடிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. கூடவே ஓட்டிப் பார்த்த கம்பி பிரேக் சைக்கிள், நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

மேட்டில் பெரும்பாலானவர்கள் ஏறி வந்துவிடுகிறார்கள். மிகச் செங்குத்தான ஒரு திருப்பத்தில் சிலர் இறங்கித் தள்ளுகிறார்கள். ஹப் கியரை மாற்றத் தெரியாததே பலருக்குச் சிக்கல். ஒரு கணம் மிதிப்பதை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் பல் கடிபடும். ஹேண்டிலில் ‘நிறுத்தி மாற்று’ என்று எழுதி ஒட்டினோம். இப்போது புகார் குறைவு. போட்டோ எடுக்க வருகிறவர்கள் கியரைத் தொடுவதே இல்லை, பாதிப் பேர் பெடலையும் தொடுவதில்லை.

துரு பிடித்த இடங்கள்: சீட் ஸ்பிரிங், டேங்கின் அடிமடிப்பு, நூல்வலையின் கொக்கிகள். ஸ்போக்ஸ் கம்பியைத் துருப்பிடிக்காத எஃகில் போட்டதால் சக்கரத்தில் பிரச்சினை இல்லை; ஒரு முறை கோட்டம் எடுத்ததோடு சரி. ஏரிச் சாலையில் குதிரைகள் உண்டு என்பதால் கணீரென்ற பெல்லை எடுத்துவிட்டு மென்மையான ஒன்றை மாட்டச் சொன்னார்கள் குதிரைக்காரர்கள். மாட்டியாயிற்று.

அக்கா இரண்டாவது சைக்கிள் கேட்டிருக்கிறார், உயரமானவர்களுக்கு. அதில் டேங்கின் அடிப்பகுதி அலுமினியத் தகட்டில் இருக்கும், முன்சக்கர டிரம் 90 மி.மீ. ஆகும், அதற்கேற்ப ஃபோர்க்கின் இடக்கால் இன்னும் தடிக்கும். குரோமியம் ஹேண்டில்பாருக்கு மட்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததை அக்கா அடித்துவிட்டு, விளக்குக்கும் வேண்டும் என்று சேர்த்திருக்கிறார். ஹப் வந்ததும் வத்தலக்குண்டில் வேலை தொடங்கும்.